சாய்வுக் கதவு

அதைத்தான் தம்பி எல்லாரும் மொதல்ல கேக்கறாங்க. வண்டியைச் சுத்தி வர்றாங்க, டயரை ஒதைச்சுப் பாக்கறாங்க, பின்பக்கம் வந்ததும் நின்னுக்கறாங்க. "ஏனுங்க, படுத்துத் தூங்கற வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கதவு? லாரிக் கதவாட்டம் கீழ சாயுது?" நீங்களும் அதையே கேட்டுட்டீங்க. சொல்றேன். மொதல்ல இப்படி நெழலுக்கு வாங்க. பொள்ளாச்சியில இருந்து இந்த வெயில்ல புல்லட்டுலயே வந்தீங்களா? நல்லா வந்தீங்க போங்க. வேணி! வேணி, வண்டி பாக்க ஒரு தம்பி வந்திருக்காரு, மோர் இருக்குதா? சரி விடுங்க, அவ எந்திரிச்சு வர நேரமாகும். நானே அப்புறமா எடுத்தாறேன்.

நான் நல்லசிவம். போன்ல பேசினது நான்தான். இந்தக் கரூர்ல பெட்ஷீட் ஏத்துமதிக் கம்பெனியில செக்கிங் மேனேஜரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். வெளிநாட்டுக்குப் போற துணியில ஒரு இழை விட்டுப் போயிருந்தா பத்தடி தள்ளி நின்னே சொல்லிருவேன். சார் கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுன்னு கட்டிங் மாஸ்டருங்க பேசிக்குவாங்க. எதுக்குச் சொல்றேன்னா, இந்த வண்டியில ஒரு குறை நீங்க கண்டுபுடிக்க முடியாது. அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சது.

தெருவுல இதை சினிமாக்கார வண்டிங்கறாங்க. எந்த நடிகை வர்றாங்கன்னு பக்கத்து வீட்டு அம்மா கேக்குது. அது தானா ஓடற வண்டிங்க. இது ட்ரெய்லர். ஜீப்புக்குப் பின்னாடி கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போறது. போற எடத்துல நிறுத்தினா அதுதான் வீடு.

என் சம்சாரத்துக்காகக் கட்டினது. கமலவேணின்னு பேரு, கணக்கு டீச்சரா இருந்தவ. சின்ன வயசுலயே போலியோ வந்து எடது கால் சூம்பிப் போச்சு. பாவம்னு யாராச்சும் சொல்லிட்டா அவளுக்குச் சுர்ருன்னு வந்துரும். பின்னாடி ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர் பாத்திருப்பீங்களே, அதுலதான் பள்ளிக்கூடம், சந்தை, கல்யாணங்காச்சி எல்லாம். நான் ஜீப்புல கொண்டுபோய் விடறேன்னு சொன்னா, "நீங்க விட்டா நீங்க வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் நான் ஒக்காந்திருக்கணுமே"ம்பா. கோவிச்சுட்டுச் சொல்ல மாட்டா, சிரிச்சுட்டேதான் சொல்லுவா. எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

அவ வேலையில இருந்து ஓய்வு பெறப் போற நேரத்துல தோள்பட்டை வலிக்குதுன்னா. நரம்பு டாக்டர்கிட்டப் போனோம். அவரு ஒளிவு மறைவில்லாம சொல்லிட்டாரு. சின்ன வயசுல வந்த போலியோ சில பேருக்கு வயசான காலத்துல, நல்லா இருக்கற கையையும் மெள்ள மெள்ளச் சோர வெச்சுருமாம். அது இவளுக்கு ஆரம்பிச்சிருச்சாம். "மாத்திரை மருந்துல நிக்காதுங்கம்மா. கையில பலம் இருக்கறப்பவே என்னென்ன செய்யணும்னு ஆசைப்படறீங்களோ செஞ்சுக்குங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னாரு.

வெளிய வந்து ஜீப்புல ஒக்காந்தோம். எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா? அவதான் மொதல்ல வாயைத் தொறந்தா. "ஏனுங்க, எனக்கு ஒரே ஒரு ஆசை. தனுஷ்கோடிக்கு அக்கட்ட கடைசியா ஒரு ரோடு போகுதாமா. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நேரா ரோடு. அதுல அந்தக் கடைசி வரைக்கும் என் ஸ்கூட்டரை நானே ஓட்டிட்டுப் போகணும்." அவ்வளவுதான்.

ஸ்கூட்டரை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோறது? லாட்ஜுன்னா படிக்கட்டு. வழியில இருக்கற கக்கூசுல அவளால குந்தி எந்திரிக்க முடியாது. அப்பத்தான் எனக்கு இந்த ரோசனை வந்துச்சு. படுக்க ஒரு கட்டில், ஒக்காந்து போற மாதிரி ஒரு கக்கூஸ், பின்னாடி ஸ்கூட்டர் நிக்க எடம். பின்கதவு கீழ சாஞ்சு தரையைத் தொடும். அவ உள்ளயே ஏறி ஒக்காந்து ஸ்டார்ட் பண்ணி அப்படியே ரோட்டுல எறங்கிருவா. சாயங்காலம் அதே வழியில ஏறி உள்ள வந்துருவா. யாரு கையையும் புடிக்க வேண்டியதில்ல. அதுக்குத்தான் தம்பி அந்தக் கதவு.

கேட்டதுக்குப் பதில் சொல்லியாச்சு. உள்ள ஸ்கூட்டருக்கு எடமே இல்லையேன்னுதானே எட்டி எட்டிப் பாக்கறீங்க? அதுக்கு நான் பொறுப்பில்லீங்க. கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நம்ம ஊர்லதான் பஸ்ஸுக்கு பாடி கட்டற ஷெட்டு தெருவுக்குத் தெரு இருக்குதே. தெரிஞ்சவங்க மூலமா ஒரு ஷெட்டுக்குப் போனேன். மாரப்பன்னு ஒரு மேஸ்திரி. அங்க ஒரு பழக்கம், காகிதத்துல படம் போட்டுக் காட்ட மாட்டாங்க. சிமெண்டுத் தரையில சாக்பீஸை வெச்சு முழு அளவுக்கும் கோடு இழுத்துருவாங்க. இது கட்டில், இது கக்கூஸ், இது கதவுன்னு. நாம அதுக்குள்ள நடந்து பாத்துக்கணும். பஸ் மொதலாளிங்களே வந்து சீட்டுக் கோட்டுல குந்திப் பாப்பாங்களாமா.

வேணி ஸ்கூட்டர்லயே வந்தா. கதவுன்னு போட்ட கோட்டு வழியா உள்ள ஓட்டிட்டு வந்து நிறுத்தினா, எறங்கினா, ரெண்டு எட்டு வெச்சா. கட்டில் கோட்டுல மாரப்பன் ஒரு முக்காலியைப் போட்டாரு, அதுல ஒக்காந்தா. அங்கிருந்து பின்பக்கமாப் பாத்தா. ஷெட்டுக்கு வெளிய ஒரு பழைய பஸ் கூடு துருப்புடிச்சு நிக்குது, அதுக்கு மேல ரெண்டு காக்கா. அதைப் பாத்துட்டு, "கடல் தெரியுதுங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா. அப்படி அவ சிரிச்சு நான் பாத்து வெகு நாளாயிருந்துச்சு தம்பி.

மாரப்பன் சாக்பீஸை பாக்கெட்டுல போட்டுட்டு, "இவ்வளவுதான்னா ஆடிக்கு முன்னாலயே எடுத்துக்கலாமுங்க"ன்னாரு.

இவ்வளவுதான்னா. அந்த வார்த்தைதான் எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. என் பொண்டாட்டிக்கு வாழ்க்கையில ஒரே ஒருக்கா ஒண்ணு செய்யறேன், அதுல இவ்வளவுதானான்னு ஒருத்தன் கேக்கற மாதிரியா செய்யறது? வேற என்னென்ன போடலாம்னு கேட்டேன். "போடறதுக்கு என்னங்க, நீங்க சொல்லச் சொல்லப் போடலாமுங்க"ன்னு போன்ல படமாக் காட்டினாரு. ஏசி, டிவி, குளிக்க சுடுதண்ணி, சுத்தி வர நீலக் கலர் லைட்டு. ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கறதான்னு எல்லாத்துக்கும் சரின்னேன்.

ஏசி வேணும்னா ஜெனரேட்டர் வேணும். ஜெனரேட்டர்னா சத்தம், அதுக்கு ஒரு பொட்டி. பொட்டியை முன்னாடி வெச்சா கொக்கியில பாரம் ஏறும்னு பின்னாடி வெச்சாங்க. ஸ்கூட்டர் கோடு கொஞ்சம் நகர்ந்துச்சு. கொஞ்சந்தான். அடுத்த தடவை போனப்ப வேணி பாத்துட்டு, "ஸ்கூட்டர் நிக்குமாங்க?"ன்னா. நிக்கும் நிக்கும்னேன். அப்பெல்லாம் நின்னுச்சு, நான் பொய் சொல்லல.

அப்புறம் சமையல்கட்டு. கேஸ் அடுப்பு, புகை உறிஞ்சற மெஷின், பாத்திரம் கழுவற தொட்டி, ஃப்ரிட்ஜ். அவ, "அங்க வந்தும் நான் சமைக்கணுமா? வழியில இட்லி கெடைக்காதா?"ன்னு கேட்டா. அவ அப்படித்தாங்க. தனக்குன்னு எதையும் கேக்க மாட்டா. வேண்டாம் வேண்டாம்னே சொல்லிப் பழகினவ. நாமதான் புரிஞ்சு செய்யணும். கட்டில் ஒரு அடி பின்னாடி போச்சு.

வைகாசி போயி ஆனி வந்துச்சு. கூடு கட்டியாச்சு, பின்கதவு வெல்டிங் வெச்சாச்சு, உள்ள பிளைவுட் தரை போட்டு அது மேல மறுபடி சாக்பீஸ் கோடு போட்டு வெச்சிருந்தாங்க. எல்லாம் நல்லபடியா முடியப் போகுதேன்னு வெள்ளகோயில்ல இருந்து வாஸ்துக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். சிரிக்காதீங்க தம்பி. வீட்டுக்குப் பாக்கறோம், கடைக்குப் பாக்கறோம், இதுவும் வீடுதானே? படுக்கறோம், சமைக்கறோம், சாமி கும்புடறோம்.

அவரு உள்ள கால் வெச்சதும் பதறிட்டாரு. "ஈசானிய மூலையில கக்கூஸா? சாமி மூலைங்க அது! இதுல படுத்தா அந்த அம்மா ஒடம்பு தேறுமா?"ன்னுட்டாரு. நீங்களே சொல்லுங்க, ஒடம்புக்கு முடியாதவளை வெச்சுட்டு இருக்கறவன் அதைக் கேட்டுட்டு சும்மா இருப்பானா? கக்கூஸை வாயு மூலைக்கு மாத்துன்னேன். வாயு மூலைன்னா பின்னாடி எடது பக்கம்.

மாரப்பனுக்குக் கோவம். "ஐயா, வண்டி திரும்புனா மூலையும் திரும்பிருமுங்க. வண்டிக்கு ஏதுங்க ஈசானியம்?"னு கேட்டாரு. நானும் சளைக்கல. எங்க வீட்டு வாசல்ல கெழக்கு பாத்துத்தான்யா நிக்கும், நின்ன எடத்துக்குத்தான் வாஸ்துன்னேன். மாரப்பன் தண்ணிக்குழாயை எல்லாம் கழட்டி பின்னாடி கொண்டுபோயிட்டாரு. முன்னாடி காலியான மூலையில தேக்குல ஒரு சாமி அலமாரி வெச்சோம். எட்டிப் பாருங்க, மணிகூடத் தொங்குது.

கோடு மாத்திப் போட்ட அன்னைக்கும் வேணி ஸ்கூட்டர்லதான் வந்தா. சாச்சுப் போட்ட கதவுப் பலகையில ஏறி உள்ள வந்தா. எடது பக்கம் இப்ப கக்கூஸ் கோடு, வலது பக்கம் ஒரு சந்து. சந்துல ஸ்கூட்டர் நின்னுச்சுங்க! கச்சிதமா நின்னுச்சு. பாத்தியா, நான் சொன்னேனில்லன்னேன். அவ ஸ்கூட்டர் மேலயே ஒக்காந்துட்டு இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா. "வண்டி நிக்குதுங்க. நான் எங்க எறங்கறது?"ன்னா. அதுக்கென்ன வேணி, நான் இருக்கேன், தூக்கி எறக்கறேன்னேன். அவ அந்தச் சந்துல இருந்து பின்னாடியே எடுத்துட்டு வெளிய போயிட்டா. எனக்கும் கோவந்தான். யாருக்காக இவ்வளவும்?

அதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு. ஆடியில யாராச்சும் புது வண்டி எடுப்பாங்களா? சரி, எடுக்கப் போறதில்ல, இருக்கற நேரத்துல வேலையைத் திருத்தமாப் பாக்கலாம்னு இருந்தேன். உள்பக்கம் ஒட்ற லேமினேட் சீட்டு தேக்கு நெறத்துல ஒட்டியிருந்தாங்க, சன்னல்கிட்ட ரெண்டு சீட்டு நெறம் சேரல. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது, என் கண்ணுக்குத் தெரியும். உரிக்கச் சொன்னேன். மறுபடி வால்நட் நெறம் நல்லாருக்கும்னு தோணுச்சு, மாத்தச் சொன்னேன். பக்கக் கதவுல லேசா ஒரு புடைப்பு, திருப்பி அனுப்பினேன். கக்கூஸ்ல அவ புடிச்சு எந்திரிக்கறதுக்கு இரும்புக் கம்பி வெச்சிருந்தாங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சு. தங்கக் கலர்ல வழவழன்னு ஒண்ணு வரவழைச்சேன். பதறாத காரியம் சிதறாது தம்பி. நான் வேலை பாத்த எடத்துல அதுதான் எனக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சு.

வேணி ஒரு நாள் சாப்பிடறப்ப கேட்டா. "ஏனுங்க, லேமினேட்டு இல்லாமயே போயிட்டு வந்துரலாமா? திரும்பி வந்து ஒட்டிக்கலாமில்ல?" நான் சிரிச்சுட்டேன். முடியாத வீட்டுல யாராச்சும் குடி போவாங்களா?

ஐப்பசி மழையிலதான் அது நடந்துச்சு. ரேசன் கடைக்குப் போயிட்டு வந்தவ, வீட்டு கேட்டுகிட்ட பிரேக் புடிச்சிருக்கா. கை அழுந்தல. போய்த் தூண்ல இடிச்சு நின்னுச்சு. அடி ஒண்ணும் இல்ல. நான் ஓடிப் போனப்ப, அவ வலது கையைத் தூக்கி முன்னாடி வெச்சுப் பாத்துட்டே ஒக்காந்திருந்தா. வெரலை மடக்கறா, விரிக்கறா. மழை பெய்யுது, எந்திரிச்சு வரணும்னே தோணல அவளுக்கு.

அந்தக் கையைப் பாக்க எனக்குப் பயமாயிருச்சு தம்பி. இப்பவும் பயந்தான். சோறு பெசையறப்ப நான் வேற பக்கம் பாத்துக்குவேன். அன்னைக்கே ஸ்கூட்டர் சாவியை எடுத்து பீரோவுக்குள்ள வெச்சுட்டேன். அவ சாவி எங்கன்னு கேக்கவே இல்ல. கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ.

அதுக்கப்புறம் நீங்களே ரோசிச்சுப் பாருங்க. ஓட்டாத ஸ்கூட்டருக்கு எதுக்கு எடம்? அந்தச் சந்து சும்மா கெடக்குது. வழியில ஒறம்பரை யாராச்சும் வந்தா எங்க ஒக்காருவாங்க? ஒரு சோபா போட்டா அம்சமா இருக்குமேன்னு தோணுச்சு. இவளை ஜீப்புல கூட்டிட்டுப் போயி மெரூன் கலரா, பச்சையான்னு கேட்டேன். மாரப்பன் என்னைப் பாக்காம அவளைப் பாத்துத்தான் கேட்டாரு. "அம்மா, ஸ்கூட்டர் எடத்தை எடுத்துரட்டுங்களா?" அவ அந்தக் கோட்டைப் பாத்தா. "சரிங்க மேஸ்திரி"ன்னா. என்ன கலருன்னு கேட்டதுக்கும் சரின்னா. மாரப்பன் ஒரு ஈரச் சாக்கை எடுத்துட்டு வந்து அவரே குனிஞ்சு ஸ்கூட்டர் கோட்டைத் தொடைச்சாரு. ஆளுக்கு வேற வேலையே இல்லாத மாதிரி ரொம்ப நேரமாத் தொடைச்சாரு.

கதவை மட்டும் மாத்த முடியல. வெல்டிங் வெச்சது வெச்சதுதான், மாத்தினா பின்சட்டமே பிரியும்னுட்டாங்க. இப்ப அதைத் தொறந்தா ஒரு பக்கம் கக்கூஸ் செவுரு, இன்னொரு பக்கம் சோபா முதுகு. எனக்கே அது ஒரு மனக்குறைதான், மறைக்கல.

மார்கழியில வண்டி ரெடி. மார்கழியில எடுக்கறது வழக்கமில்லையே. தை பொறந்ததும் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, வீட்டுக்கு இழுத்துட்டு வந்தேன். தெருவே கூடி நின்னு பாத்துச்சு. ஒவ்வொருத்தரா உள்ள கூட்டிட்டுப் போயி லைட்டைப் போட்டுக் காட்டினேன். வேணி வாசல்ல சேர்ல ஒக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இருந்தா. உனக்காகத்தானே எல்லாம்னேன். "தெரியுமுங்க"ன்னா. சந்தோசமா இருந்தான்னுதான் நெனச்சேன்.

மாசியில போனோம். தனுஷ்கோடிக்கேதான் போனோம். சொன்ன சொல்லைக் காப்பாத்தினவன் தம்பி நான். மதுரை தாண்டி ஒரு மரத்தடியில நிறுத்தினப்ப, கக்கூஸ்ல அந்தத் தங்கக் கம்பியைப் புடிச்சு எந்திரிக்கறப்ப வழுக்கிட்டா. ஈரக்கை. நான்தான் போயித் தூக்கி விட்டேன். அதுல இருந்து தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்டா. போய்ச் சேர்ற வரைக்கும் நாக்கு வறண்டு போயி வந்தா, குடின்னு சொன்னாலும் கேக்கல. அந்தப் புடிவாதம் மட்டும் கொறையவே இல்ல.

ஆனா அந்த ரோடு இருக்குதே, அவ சொன்ன மாதிரியேதான். ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நேரா ரோடு. ட்ரெய்லரை இந்தப் பக்கம் ஒரு எடத்துல நிறுத்திட்டு, ஜீப்பை மட்டும் எடுத்துட்டு, அவளைப் பக்கத்துல ஒக்கார வெச்சு, கடைசி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். மெதுவா, அவ பாக்கணும்னு ரொம்ப மெதுவா. முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு ஸ்கூட்டியில போகுது, துப்பட்டா பறக்குது. வேணி அதையேதான் பாத்துட்டு வந்தா. கடலை ஒரு பக்கமும் பாக்கல.

கடைசியில நிறுத்திட்டு, பாத்தாச்சா, உன் ஆசைப்படி கடைசி வரைக்கும் போயாச்சான்னேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, உண்மையாச் சொல்றேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா? "போனது நீங்க. நான் கூட வந்தேன்."

அதுக்கு என்ன அர்த்தம்? ரெண்டு பேரும் ஒரே ஜீப்புலதானே போனோம்? இவ்வளவு செலவழிச்சு, ஒரு வருசமா அலைஞ்சு திரிஞ்சு, ஒண்ணொண்ணாப் பாத்துப் பாத்துச் செஞ்சவனுக்கு இந்தப் பேச்சு தேவையா? நல்லதுக்குக் காலமில்லீங்க.

சாயங்காலம் ட்ரெய்லருக்குத் திரும்பினோம். கெழக்கு பாத்து நிறுத்தியிருந்தேன், வாஸ்து கெடக்கூடாதில்ல. கட்டில்ல சாஞ்சுட்டு, "அந்தப் பின்கதவையாச்சும் தொறங்க, காத்து வரட்டும்"னா. கடல்காத்துங்க, மண்ணை வாரி அடிக்குது. வால்நட் லேமினேட்டு, புது சோபா. தொறந்தா சோபா முதுகுதான் தெரியும் வேணி, அதைப் பாத்து என்ன பண்ணப் போறே, ஏசி போடறேன்னேன். போட்டேன். ஏசி நல்லா வேலை செஞ்சுது. அதுல ஒரு கொறையும் இல்ல, நீங்க போட்டுப் பாத்துக்கலாம்.

அதோட சரி. வீட்டுக்கு வந்து எறங்கினவ, இனி அதுல ஏற மாட்டேன்னுட்டா. கோவிச்சுட்டுச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. இப்ப எடது கையும் சோருது. டாக்டர் என்ன சொல்லுவாருன்னு தெரியும், அதனால நான் கூட்டிட்டுப் போகல.

அந்தா, தார்ப்பாய் போட்டு மூடியிருக்குதே, அதுதான் ஸ்கூட்டர். விக்கவும் விட மாட்டா. வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெக்கச் சொல்லுவா, பேட்டரி போயிருமாம். நான் ஸ்டார்ட் பண்ணிட்டு ஆப் பண்ற வரைக்கும் அந்தச் சன்னல்ல ஒக்காந்திருப்பா. போன வாரம் கொஞ்சம் சீக்கிரம் ஆப் பண்ணிட்டேன். "இன்னுங் கொஞ்சம்"னு உள்ள இருந்து கொரலு வருது. என்னமோ பெட்ரோல் மரத்துல காய்க்கற மாதிரி. சரின்னு மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டு நின்னேன்.

எங்க தப்பு நடந்துச்சுன்னு நானும் ராத்திரி பகலா ரோசிச்சுப் பாத்துட்டேன். மாரப்பன் மேலதான் தப்பு. ஆளுங்களைச் சேத்து வெச்சு வேலையை வெரசா முடிச்சிருந்தா அவ கை நல்லா இருக்கறப்பவே போயிருக்கலாம். இப்படி இழுத்தடிச்சா யாரு கைதான் தாங்கும்?

என்ன சொன்னீங்க? சோபாவைக் கழட்டிட்டா? கக்கூஸையும் முன்னாடி மாத்திட்டு, அந்த எடத்துல புல்லட்டை ஏத்திக்குவீங்களா? ஏன் தம்பி, ஈசானியத்துல கக்கூஸ் வரக் கூடாதுன்னு இப்பத்தானே தொண்டை காயச் சொன்னேன்? அதுவும் அந்த சோபாவை? துணி எங்க கம்பெனி துணிங்க. ஏத்துமதித் தரம். நானே நின்னு எடுத்துட்டு வந்தது. வேற யாராச்சும் வந்தா பாத்துக்கறேன். இல்லீங்க, கோவமில்ல, ஒக்காருங்க. உங்க காசு, உங்க இஷ்டம். சொல்றதைச் சொல்றேன்.

இருங்க, கூப்புடறா. என்ன வேணி? சத்தமாச் சொல்லு. தம்பிகிட்டயா? என்னன்னு?

ஒண்ணுமில்ல தம்பி, சன்னல்ல இருந்து நாம பேசறதைக் கேட்டுட்டே இருந்திருக்கா. அந்தக் கதவைச் சாச்சுப் போட்டு உங்க வண்டியை ஒருக்கா ஏத்தி எறக்கிக் காட்டச் சொல்றா. பாக்கணுமாம். ஒரே ஒரு தடவையாமா.

எப்படி வேணி ஏறும்? சோபா இருக்குதில்ல? மொதச் சக்கரம் வெச்சதும் முட்டும். பலகையில வேற கீறல் விழும். வெலைக்குக் குடுக்கற வண்டி, இப்பப் போயி... சரி, சரி, அப்புறம் பாக்கலாம். வெயில் தாழட்டும்.

பாத்தீங்களா, சன்னலைச் சாத்திட்டா. அந்தச் சன்னல் கதவை ஒத்தக் கையில சாத்த முடியாது அவளால, ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளுவா. சத்தம் கேட்டுச்சில்ல? அவ அப்படித்தான். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, லைட்டைப் போடறேன். பின்னாடி போயி அந்த சோபாவுல ஒக்காந்து பாருங்க, அப்புறம் கழட்டறதா வேண்டாமான்னு சொல்லுங்க. பிளாஸ்டிக் கவரு இன்னும் எடுக்கல, சரசரங்கும், பரவால்ல. நல்லா அழுந்தி ஒக்காருங்க தம்பி. அதுல இதுவரைக்கும் யாருமே ஒக்காந்ததில்ல.